ஏரிக்கு வளையல் போட்ட ஞாயிற்றுக்கிழமை

விரால் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அண்ணன் போனிலேயே சிரித்துவிட்டான். சிரித்து முடித்து, "நீ புடிச்ச மீன் ஒண்ண எனக்குக் காட்டு பிள்ள, அப்புறம் பேசுவோம்" என்றான். இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. அந்தச் சிரிப்புதான்.

நாங்கள் மண்டபம் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அப்பா கடலுக்குப் போனார், அவருக்குப் பிறகு அண்ணன் போகிறான். அம்மா கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்றாள். இப்போது முட்டிவலியால் நடக்க முடியாமல் சந்தையில் உட்கார்ந்து விற்கிறாள். எங்கள் வீட்டில் மீனை விற்க, அறுக்க, உப்புப் போட்டுக் காயவைக்க எல்லாவற்றுக்கும் பெண்கள் வேண்டும். பிடிக்க மட்டும் கூடாது. பெண் படகில் கால் வைத்தால் வலையில் மீன் விழாது என்பார்கள். அண்ணன் காற்றையும் நீரோட்டத்தையும் போனில் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குக் கிளம்புகிறவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் தாத்தாவின் தாத்தாவாகிவிடுவான்.

எனக்கு ஒரு மீன் வேண்டும். யாரும் வாங்கித் தராத, யாரும் பிடித்துத் தராத, என் கையால் பிடித்த ஒரு மீன். அடுத்த வாரம் அண்ணன் மகளின் சடங்குக்கு ஊருக்குப் போகிறேன். சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருக்கும் இடத்தில், "எங்க வீட்டு விரால்காரி வந்துட்டா" என்று அவன் தொடங்கினால் என் மானம் கடலுக்குப் போய்விடும்.

தூண்டில் பைத்தியம் எனக்கு ஜப்பானில் பிடித்தது. ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, தரப் பரிசோதனைப் பயிற்சிக்காக எங்களில் சிலரை அங்கே அனுப்பியது. ஒரு விடுமுறை நாளில், பயிற்சி கொடுத்த அம்மாள் என்னைப் பக்கத்து ஏரிக்கு அழைத்துப் போனார். அங்கே பாஸ் என்றொரு மீன். ரப்பர் தவளையை வீசி, அது நீந்துவதுபோல இழுத்தால், அடியிலிருந்து வந்து கவ்வும். அன்று எனக்கு ஒன்றும் மாட்டவில்லை. அந்த அம்மாளுக்கும்தான். ஆனாலும் அவர் முகத்தில் கொஞ்சமும் வருத்தமில்லை. இரண்டு சோற்று உருண்டைகளைத் தின்றுவிட்டு, நல்ல நாள் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அன்றிரவு முழுவதும் எரிச்சல். நான் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு தூண்டில் கம்பையும் பச்சை ரப்பர் தவளை ஒன்றையும் பரிசாகக் கொடுத்தார்.

நம்மூரில் பாஸ் இல்லை. ஆனால் விரால் இருக்கிறது. அதுவும் அதே குணம்தான், செடிக்குள் பதுங்கியிருந்து பாயும். ஊர் திரும்பியதிலிருந்து ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரைச் சுற்றி உள்ள ஏரிகளுக்கெல்லாம் போய்விட்டேன். மீன் மட்டும் வந்தபாடில்லை. லைனில் இருக்கும் பிள்ளைகள், "மேடம் இந்த வாரம் எந்த ஏரியை ஆடிட் பண்றீங்க?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. தினமும் நான் அவர்கள் செய்த உதிரிபாகங்களைத் திருப்பி அனுப்புகிறவள். அவர்களுக்கும் ஒரு ஆனந்தம் வேண்டாமா?

அப்போதுதான் எங்கள் ஸ்டோர்ஸில் இருக்கும் சீனப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். வேப்பனப்பள்ளியைத் தாண்டி இருக்கும் தன் ஊரில், பல வருடங்கள் கழித்து ஏரி நிரம்பிக் கோடி போகிறதாம். எங்கள் பக்கம் கலுங்கு என்போம், இங்கே கோடி என்கிறார்கள். ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்மேடை அது. புதுத் தண்ணீருக்கு விரால் ஏறி வரும், மீன் குத்தகைக்காரரிடம் நானே சொல்லிவைக்கிறேன், தூண்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார். வேறென்ன வேண்டும்?

ஞாயிறு விடியலில் நான் குடியிருக்கும் மத்திகிரியிலிருந்து கிளம்பினேன். நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக எதிரே வந்துகொண்டிருந்தார்கள். என் தூண்டில் கம்பு இரண்டாகக் கழன்றாலும் பைக்குள் அடங்காது. அதனால் ஒரு பிவிசி பைப்புக்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி மாட்டி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் அதைத் தட்டிப் பார்த்து, போர்வெல்லா, பாத்ரூம் லைனா என்று விசாரித்தார். அவர் தருமபுரிப் பக்கத்துப் பிளம்பர். மீன் பிடிக்க என்றேன். பைப்பில் எப்படி மீன் பிடிப்பது என்று தீவிரமாக யோசித்துக்கொண்டே வந்தவர், கடைசியில், இந்த அளவு பைப்புக்குள் மீன் நுழையாதே அம்மா என்றார். மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி இன்ஜினைப் பார்த்தார், கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார், நாங்கள் எல்லோரும் இறங்கி இருவரையும் பார்த்தோம். சாலையோரம் ஒரு தள்ளுவண்டியில் தட்டு இட்லியும் காரச் சட்னியும். எங்கள் ஊர் இட்லி மூன்றைச் சேர்த்தால்தான் இந்த ஓசூர்த் தட்டு இட்லி ஒன்று ஆகும். பத்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் எனக்கு இதன்மேல் காதல் வரவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன். வண்டிக்காரம்மா பிளம்பரிடம் தமிழிலும், கண்டக்டரிடம் தெலுங்கிலும், தன் கணவனிடம் கன்னடத்திலும் பேசினாள். திட்டுவதற்கு மட்டும் கன்னடம் வைத்திருக்கிறாள் என்று தோன்றியது.

பஸ் நகராது என்று தெரிந்ததும், அந்தப் பக்கம் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினேன். உள்ளே ஏற்கெனவே ஒரு கிடா இருந்தது. கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் மஞ்சள். அதன் உரிமையாளர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் கிடாவும் பின்சீட்டைப் பங்குபோட்டுக்கொண்டோம். ஊர்ப் பெயரைச் சொல்லி, ஏரிக்கரையில் இறக்கிவிடச் சொன்னேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏரிக்கா? நல்ல நாளாத்தான் பாத்து வந்துக்கறீங்கக்கா" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளூர்க்காரரே சொல்லிவிட்டார், இன்றைக்கு மீன் எடுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் மாலையோடு ஒரு கிடா உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மீன் ஆசை வந்தால் மூளை அவ்வளவுதான் வேலை செய்யும். கிடா என் பைப்பின் மூடியை நக்கிக்கொண்டே வந்தது.

ஏரி என் எதிர்பார்ப்பைவிடப் பெரியது. தமிழ்நாட்டுக் கரையில் மாந்தோப்புகள், எதிர்க்கரை கர்நாடகம். நடுவில் கரைவரை தளும்பிக்கொண்டு தண்ணீர். கோடியில் வழிகிற சத்தம் கரை முழுவதும் கேட்டது. குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் மாமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சீனப்பா பெயரைச் சொன்னதும் தலையாட்டினார். பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதுபோலக் காதில் விழுந்தது. வெயில் ஏறிவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கம்பைப் பூட்டி, ரீலை மாட்டி, தூண்டில் நரம்பைக் கோத்து, பச்சைத் தவளையைக் கட்டினேன். முதல் வீச்சு ஆகாயத்தாமரையில் சிக்கியது. இரண்டாவது, முதல் வீச்சை எடுக்கப் போய் நான் மிதித்த சேற்றில் சிக்கியது. அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. செடி ஓரமாக வீசுவேன், தவளையைத் துள்ளத் துள்ள இழுப்பேன், மறுபடி வீசுவேன். விரால் காற்றுக்காக மேலே வந்து வாய் திறந்து மூழ்கும் இடங்களில் வட்டம் வட்டமாகத் தண்ணீர் அசைந்தது. ஏரி முழுக்க மீன். என் தவளையை மட்டும் ஒன்றுகூட மதிக்கவில்லை.

கடலில் அண்ணன் எப்படிக் காத்திருக்கிறான் என்று முதல் முறையாக யோசித்தேன். அவன் வலையை இறக்கிவிட்டுத் தூங்குவான். எனக்குத் தூக்கமும் வராது, பொறுமையும் கிடையாது. இடத்தை மாற்றினேன். தவளையின் நிறம் சரியில்லையோ என்று இங்கே வாங்கிய கறுப்புத் தவளையைக் கட்டினேன். மறுபடி பச்சை. வீசி வீசித் தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. பரவாயில்லை, கை கழன்று விழுந்தாலும் ஒன்றை எடுக்காமல் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கரையோரம் ஒரு கையகலத்துக்குத் தண்ணீர் சிவப்பாகக் கொதிப்பதைப் பார்த்தேன். விரால் குஞ்சுகள். பொடிப் பொடியாகச் செந்நிறத்தில், ஒரே கூட்டமாக மேலே வந்து வந்து போகும். குஞ்சு இருந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், பக்கத்தில் எது வந்தாலும் அடிக்கும். தாய்மீனை எடுத்தால் குஞ்சுகள் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தேன். அண்ணனின் சிரிப்பும் நினைவுக்கு வந்தது. வீசிவிட்டேன்.

தவளை விழுந்த மறுநொடி தண்ணீர் வெடித்தது. கவ்வியதும் விரால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஒரு மூச்சு பொறுத்துத்தான் சுண்ட வேண்டும். இது எனக்குத் தெரியும். பலமுறை படித்தது, வீடியோவில் பார்த்தது, பிள்ளைகளுக்கே வகுப்பெடுத்தது. ஆனால் கை என்னைக் கேட்கவில்லை. சடாரென்று இழுத்தேன். தவளை என் முகத்துக்கு நேரே பறந்து வந்து பின்னால் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு காலைக் காணோம்.

என்னை நானே எங்கள் ஊர் பாஷையில் வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன். வெற்றிலைக்காரர் திரும்பிப் பார்த்தார். போகட்டும், மீன் இருக்கிறது, அடிக்கிறது, இனி மாட்டாமல் எங்கே போகும் என்று ஒற்றைக்கால் தவளையையே மறுபடி கட்டினேன்.

அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து ஒரு பெரிய கூட்டம் கரைமேல் வந்துகொண்டிருந்தது. முன்னால் மேளம், அதன் பின்னால் பட்டுச் சேலையில் பெண்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு முறம். கடைசியில் என் ஆட்டோத் தோழன், அந்தக் கிடா. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல நாள்தான், ஆனால் எனக்கல்ல.

என்னிடம் வந்து பேசியவள் ரத்னம்மா என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும், ஊரில் இதையெல்லாம் முன்னின்று நடத்துகிறவள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. தண்ணீரில் இருந்த நரம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, தூண்டிய எடுத்துடு. இன்னிக்கி ஆகாது."

குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். எங்கிருந்து வருகிறேன், பஸ் எப்படி நின்றது, இன்றைக்கு விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை என்றெல்லாம் அடுக்கினேன். ஓரமாக, சத்தமில்லாமல், உங்கள் பூஜைக்குத் தொந்தரவு இல்லாமல் வீசிக்கொள்கிறேன் என்றும் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நான் சொல்றன் கேளு. இவ எங்கூட்டுப் பொண்ணு மாதிரி. இத்தினி வருசம் கழிச்சி நெறஞ்சி வந்து நிக்கிறா. வளையலு, சேல, மஞ்ச குங்குமம் எல்லாம் குடுத்து அனுப்பறதுக்கு வந்துக்கறம். குடுக்கற அன்னிக்கே அவகிட்டருந்து எடுப்பாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டவும் முடியாமல் நரம்பைச் சுற்றினேன்.

ஆனால் கம்பைக் கழற்றவில்லை. ஏரிக்கு ஒரு கரைதானா? எதிர்ப்பக்கம் வேறு ஊர், வேறு மாநிலம். இவர்களுக்குப் பூஜை என்றால் அவர்களுக்கும் இருக்க வேண்டுமா என்ன? கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். ராகிக் கொல்லை, தக்காளித் தோட்டம், மறுபடி ராகி. வாய்க்கால் சேற்றில் ஒரு செருப்பின் வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். போன் டிங் என்று ஒலித்து, கர்நாடகத்துக்கு வரவேற்கிறோம் என்றது. ஜப்பானுக்குப் போனபோதுகூட இத்தனை அலைந்து எல்லை தாண்டியதில்லை.

அந்தக் கரையில் புங்கமரத்தடியில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் தோளில் இருந்த கம்பைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து வந்தார். எனக்கு வேலையிடத்துக் கன்னடம்தான் தெரியும், மெஷினை நிறுத்து, மறுபடி அளந்து பார் என்கிற அளவுக்கு. அவர் சொன்னது அதிலேயே புரிந்துவிட்டது. அக்கரையில் கொடுக்கிறார்கள் அல்லவா, அது எங்களுக்கும் சேர்த்துத்தான், தண்ணீர் ஒன்றுதானே அம்மா என்றார். மிக மரியாதையாகத்தான் சொன்னார். தூக்குச் சட்டியிலிருந்து ஒரு டம்ளர் பாயசமும் ஊற்றிக் கொடுத்தார். வெல்லமும் கசகசாவும் போட்டு நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் உலகத்தில் எனக்குப் பிடிக்காத பொருள் அந்தப் பாயசம்தான். குடித்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது பூஜை முடியவில்லை. பெண்கள் வரிசையாகத் தண்ணீர் ஓரம் நின்றார்கள். முறத்தில் வளையல், சீப்பு, சின்னக் கண்ணாடி, ரவிக்கைத் துணி, அரிசி, பருப்பு, தேங்காய். மேலே இன்னொரு முறத்தைக் கவிழ்த்து மூடி, முந்தானையால் போர்த்திக்கொண்டு தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். பாகினம் என்கிறார்கள் இதை. சில முறங்கள் மிதந்தன, சில அங்கேயே கவிழ்ந்து வளையல்கள் மட்டும் மூழ்கின. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரத்னம்மா என்னைக் கூப்பிட்டு, இரண்டு கண்ணாடி வளையல்களைக் கையில் திணித்தாள். நீயும் வந்துவிட்டாய், போடு என்றாள். நான் எடுக்க வந்தவள், என்னைக் கொடுக்க வைத்துவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போட்டேன். பச்சை வளையல்கள் தண்ணீருக்குள் இறங்குவதைக் கண் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு மாந்தோப்பில். ராகிக் களியும் கிடாக்கறிக் குழம்பும். பந்தி இரண்டு இடத்தில் போட்டிருந்தார்கள். ஏன் இரண்டு என்று யாரும் சொல்லவில்லை, நாற்பது வயதுக்கு அது எனக்குத் தெரியாததும் அல்ல. எங்கள் கடற்கரைக் கோயிலிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. எனக்குப் பக்கத்தில் இருந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும், எனக்கு அது வராது. பக்கத்தில் இருந்த பெண் நான் மெல்லுவதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குழம்பு காரம், அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. என்னோடு பயணம் செய்தவனைத் தின்கிறோம் என்ற நினைப்பு இரண்டு கவளம்வரை இருந்தது, பிறகு இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் பைப்பை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆனால் கிளம்ப மனம் வரவில்லை. வெறுங்கையோடு அந்தப் பஸ்ஸில் எப்படி உட்காருவது? நாளைக்குக் காலைவரை இங்கேயே கிடந்து, பொழுது விடிந்ததும் தூண்டில் போட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். மறுநாள் முதல் ஷிப்ட். வேலையா மீனா என்று கரைமேல் நின்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது, பெண்கள் எல்லோரும் கோடிப் பக்கம் இறங்கிப் போவதைப் பார்த்தேன். இரண்டு பந்திகளிலும் சாப்பிட்டவர்கள் இப்போது ஒரே கூட்டமாக, சேலையை முழங்காலுக்குமேல் வரிந்து கட்டிக்கொண்டு போனார்கள். ஆண்கள் ஒருவர்கூடப் போகவில்லை. கரைமேல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

பின்னாலேயே போனேன். கோடியைத் தாண்டித் தண்ணீர் கல்மேடையில் வழிந்து, கீழே முழங்கால் ஆழத்துக்கு ஓடையாக ஓடியது. அதில் பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று, பழைய சேலைகளை விரித்துப் பிடித்திருந்தார்கள். ஏரியிலிருந்து வழிகிற தண்ணீரோடு மீன்களும் வந்து விழுந்தன. கெண்டை, ஜிலேபி, கெளுத்தி. சேலையைச் சட்டென்று தூக்கி, குடத்தில் கொட்டினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. இன்றைக்கு எடுக்கக் கூடாது என்று என்னை ஏரியைச் சுற்ற வைத்துவிட்டு, இவர்கள் குடம் குடமாக அள்ளுகிறார்களே! ரத்னம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவள் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"நாம எங்க எடுத்தம்? அவளா குடுத்தது. கோடி தாண்டிட்டா அது ஏரி மீனு இல்லம்மா. இன்னிக்கி வர்றது மட்டும் பொம்பளைங்களுக்கு. ஆம்பள ஒருத்தனும் இந்தத் தண்ணியில கால வெக்க மாட்டான்."

கரைமேல் உட்கார்ந்திருந்த ஆண்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்களில் குத்தகைக்காரரின் ஆளும் இருந்தார், வெற்றிலையை மென்றுகொண்டு, வாயைத் திறக்காமல். கடற்கரையில் படகுகள் கிளம்பும்போது எங்கள் பெண்கள் நிற்பார்களே, அதே மாதிரி இருந்தது அந்த வரிசை. அண்ணன் இங்கே வந்திருந்தாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த நினைப்பு எனக்குக் கொடுத்த ஆனந்தத்தை எழுத்தில் அடக்க முடியாது.

"தூண்டிய அங்க வெச்சிட்டு எறங்கு" என்றாள் ரத்னம்மா.

ஜப்பானிலிருந்து வந்த கம்பைப் புதரில் சாய்த்துவிட்டு இறங்கினேன். கல் பாசி பிடித்து வழுக்கியது. துப்பட்டாவை வலையாக விரித்தேன். அது எனக்கு அழகாக இருந்ததே தவிர மீனுக்கு எதற்கும் ஆகவில்லை. மீன் விழுவதும் தெரியும், நான் தூக்குவதற்குள் அது போவதும் தெரியும். காலையில் அவசரப்பட்டு விட்டேன் என்று இப்போது நிதானித்தேன், நிதானித்ததால் போயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு மொழியில். இரண்டு முறை உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். இடுப்புவரை நனைந்து, பல் கிட்டித்தது. ஒரு பெண் இரக்கப்பட்டுத் தன் குடத்திலிருந்து நல்ல கெண்டையாக ஒன்றை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவள் மறுபடி நீட்டினாள். "நான் புடிக்கணும்" என்று சொன்னேன், என் குரல் எனக்கே அழுகைபோலக் கேட்டது. அவள் புரிந்துகொண்டு மீனைக் குடத்தில் போட்டுவிட்டாள்.

வெயில் தாழ்ந்துவிட்டது. குடங்கள் நிறைந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். நான் துப்பட்டாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். இருட்டும்வரை இப்படியே நிற்பது என்று முடிவு. முதுகு கெஞ்சியது. கால் விரல்கள் மரத்துப்போயின.

கணுக்காலில் ஏதோ முட்டியது. யோசிக்கவில்லை, இரண்டு கைகளையும் சேர்த்து அமுக்கினேன். உள்ளங்கையில் முள் ஏறியது. வலியில் கத்தினேனே தவிர விடவில்லை. தூக்கிப் பார்த்தால் ஒரு ஜிலேபி. என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். முதுகு முள்ளை விரித்துக்கொண்டு, முழு உடம்பையும் முறுக்கித் துடித்தது. எங்கள் ஊரில் இந்த அளவு மீனைக் கருவாட்டுக்குக்கூட எடுக்க மாட்டார்கள்.

ரத்னம்மாவைக் கூப்பிட்டேன். கரையில் என் பையில் போன் இருக்கிறது, திறந்ததும் மீசை வைத்த ஒருவன் படம் வரும், அதை அழுத்துங்கள் என்றேன். அவள் போனை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து என் காதருகே பிடித்தாள்.

அண்ணன் எடுத்ததும், பிடித்துவிட்டேன் என்றேன். விராலா என்றான். ஜிலேபி என்றேன். எம்புட்டுப் பெருசு என்றான். சொன்னேன். எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. தூண்டிலிலா என்றான். கையால் என்றேன். சிரிப்பு நின்றது. இந்தத் தண்ணீரில் ஆண்கள் இறங்கக் கூடாது என்பதையும், எல்லோரும் கரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவன், அம்மா பக்கத்தில் இருக்கிறாள், அவளிடம் சொல் என்று போனைக் கொடுத்துவிட்டான்.

அம்மா பெரிதா சிறிதா என்று கேட்கவில்லை.

"ஏத்தா, உசுரோடயா வச்சிருக்க?"

ஆமாம்மா என்றேன்.

"துடிக்கிதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் மீன் வருவது படகின் ஐஸ் பெட்டியிலிருந்து. நாள்கணக்கில் ஐஸில் கிடந்து, விறைத்து, கண் வெளுத்துத்தான் அவள் கூடைக்கு வரும். வாழ்நாள் முழுக்க மீனைத் தொட்டுப் பிழைத்தவள், உயிருள்ள மீன் ஒன்றைக் கையில் பிடித்ததே இல்லை. நான் அவள் மகள், இத்தனை வருடம் இதை யோசித்ததும் இல்லை.

"துடிக்கிதும்மா. சின்னதுதான், ஆனா ரொம்பப் பலமா இருக்கு."

பின்னால் அண்ணன் ஏதோ சொன்னான். நீ சும்மா இருடா என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "தண்ணிக்குள்ள வச்சுப் புடி ஆத்தா, செத்துரப் போகுது. உடனே விட்றாத. கொஞ்ச நேரம் வச்சிரு" என்றாள்.

குனிந்து மீனைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டேன். ரத்னம்மாவும் என்னோடு குனிந்து போனைத் தண்ணீருக்குக் கிட்டே கொண்டுபோனாள். அம்மா போனை வைக்கவில்லை.